பத்துக்குக் கீழே

தான் குடிப்பதில்லை என்பதைத்தான் முனீர் முதலில் சொன்னான்.

"சத்தியமா இல்ல டாக்டர். பீடி கூடப் பழக்கமில்ல."

"தெரியும்," என்றார் டாக்டர். "உங்க அக்காவும் குடிச்சதில்லையே."



அக்கா உம்மு சல்மாவுக்கு நாற்பத்தாறு வயது. பன்னிரண்டு வருஷமாகச் சர்க்கரை. இரண்டு வருஷமாக ஈரல் சுருங்கிக்கொண்டே வந்தது. வயிற்றில் நீர் கோத்துக்கொள்ளும். மாதம் ஒருமுறை செங்கல்பட்டிலிருந்து சென்னைக்கு வந்து, ஊசி குத்தி நீரை இறக்கிக்கொண்டு போவாள். வேறு ஈரல் வைத்தால்தான் பிழைப்பாள் என்று சொல்லியாகிவிட்டது. அவள் புருஷன் அஜ்மலின் ரத்த வகை சேரவில்லை. மகள் ஷபானாவுக்குப் பதினைந்து வயது, சட்டம் விடாது. இறந்தவர்களிடமிருந்து எடுக்கும் ஈரலுக்குப் பட்டியலில் பெயர் கொடுத்திருந்தார்கள். பட்டியல் நீளம். மிஞ்சியது உடன்பிறந்தவன் முனீர் ஒருவன். அவன் ரத்தம் சேர்ந்தது. அன்று வீட்டில் எல்லோரும் அழுதார்கள். மறுவாரம் அவனை ஸ்கேனில் படுக்கவைத்தார்கள்.

"உங்க ஈரல்ல முப்பது சதவீதம் கொழுப்பு," என்றார் டாக்டர். "எனக்குப் பத்துக்குக் கீழே வேணும்."

"நல்லாத்தானே கீறேன் டாக்டர். கொஞ்சம் கொழுப்பு இருந்தா இன்னா?"

டாக்டர் ஒரு தாளில் ஈரலை வரைந்தார். நடுவே ஒரு கோடு போட்டார்.

"இந்தப் பக்கம் அவங்களுக்கு, அந்தப் பக்கம் உங்களுக்கு. ரெண்டுமே மறுபடி வளரணும். கொழுப்பு ஏறின ஈரல் ஒழுங்கா வளராது. ஒருத்தரைக் காப்பாத்தப் போயி ரெண்டு பேருக்கும் ஆபத்து. நான் கத்தி வைக்க மாட்டேன்."

"கொறையுமா?"

"உங்களுக்குக் குறையும். நீங்க ஆரம்பத்துல இருக்கீங்க. அவங்க ஈரல் முழுக்கத் தழும்பு. அது திரும்பாது."

"எவ்ளோ நாள் கீது?"

"நவம்பர் கடைசி வரைக்கும் தாங்குவாங்க. அதுக்கு மேல என்னால சொல்ல முடியாது."

அது இரண்டாயிரத்து ஒன்பது, ஆகஸ்ட் முதல் வாரம்.

சாப்பாட்டு விஷயம் பேச வேறொரு அறைக்கு அனுப்பினார்கள். அங்கே ஸ்ரீதேவி என்றொரு பெண் இருந்தாள். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். அவனை எடை மெஷினில் ஏற்றினாள். எண்பத்தாறு கிலோ. என்ன தொழில் என்று கேட்டாள்.

முனீருக்கு பிஸ்கட் ஏஜென்சி. செங்கல்பட்டில் குடோன். தினம் ஒரு சின்ன வண்டியில் சரக்கு ஏற்றிக்கொண்டு திருக்கழுக்குன்றம், மாமல்லபுரம், அங்கிருந்து ஒருநாள் திருவிடந்தைப் பக்கம், ஒருநாள் கல்பாக்கம் பக்கம் என்று கடை கடையாகப் போட்டுவிட்டு வருவான். வண்டியை அவனே ஓட்டுவான்.

"நடப்பீங்களா?"

"வண்டிலருந்து கடைக்கு நடப்பேன்."

அவள் சிரிக்கவில்லை.

"டீ?"

"கடைக்கு ஒண்ணு குடுப்பாங்க. வேணான்னா தப்பா எடுத்துப்பாங்க."

"எத்தனை கடை?"

"பதினாலு."

"ஒரு டீக்கு மூணு ஸ்பூன் சர்க்கரைன்னு வைங்க." அவள் காகிதத்தில் எழுதி அவன் பக்கம் திருப்பிக் காட்டினாள். நாற்பத்திரண்டு. "எல்லாரும் எண்ணெயத்தான் திட்டுவாங்க. இந்தச் சர்க்கரையும் மூணு வேளைச் சோறும் செலவாகலன்னா ஒடம்பு அதைக் கொழுப்பாக்கி ஈரல்ல கொண்டுபோய் வைக்கும். நீங்க அதைச் செலவழிக்கவே இல்ல."

தினம் நாற்பத்தைந்து நிமிஷம் வேகமாக நடக்கச் சொன்னாள். இரவுச் சோறு வேண்டாம் என்றாள். இனிப்பும் எண்ணெய்ப் பலகாரமும் அடியோடு கூடாது. எட்டு கிலோ குறைய வேண்டும். ஒரு நோட்டைக் கொடுத்தாள். வாயில் போடுவது எதுவானாலும் அதில் எழுத வேண்டும்.

"ரமலான் வருதும்மா," என்றான் முனீர். "ரெண்டு வாரத்துல. நோன்பு வெக்கலாமா?"

"வைங்க. ஆனா நோன்பு திறந்தப்புறம் என்ன சாப்பிடறீங்கங்கறதுதான் முக்கியம். அதை எழுதுங்க."

அவள் சொன்னதில் முதல் வார்த்தைதான் அவன் காதில் விழுந்தது. ஒரு மாசம் பகல் முழுக்கப் பட்டினி. முப்பது நாள் தண்ணீர்கூடக் கிடையாது. இதற்குமேல் எந்த ஈரல் கரையாமல் இருக்கும்? ரயிலில் வரும்போது அவனுக்குப் பாதி கரைந்துவிட்ட மாதிரியே இருந்தது.

நோன்பின் முதல் நாள் சாயங்காலம் அஜ்மல் நான்கடுக்குக் கேரியரோடு வந்தான். பஜாரில் பை, குடை விற்கிறவன். பெரிய தொப்பை. மூன்று படி ஏறுவதற்குள் மூச்சு வாங்கினான்.

"உங்க அக்கா குடுத்தனுப்பிச்சி. எடுத்து வை ஃபைஸா. சூடா கீது."

முனீரின் மனைவி ஃபைஸா ஒவ்வொரு அடுக்காகப் பிரித்தாள். கைமா போட்ட நோன்புக் கஞ்சி. சமோசா. ஆட்டுக்கால் பாயா. கடைசி அடுக்கில் ஈரல் வறுவல்.

"ஈரல் குடுக்கப்போறவனுக்கு ஈரல்தான் தெம்பாம்," என்றான் அஜ்மல். "காலைலருந்து நிக்கிது அடுப்பாண்ட. உப்பு பாக்கக்கூட முடியாது அதுக்கு. வாசனைய வெச்சே பண்ணிச்சி."

அக்காவுக்கு உப்பு விலக்கு. நோன்பும் வைக்க முடியாது. இருபது நிமிஷம் நின்றால் கால் வீங்கும். நோன்பு திறந்ததும் முனீர் ஈரல் வறுவலை வாயில் போட்டுப் பார்த்தான். உப்பு சரியாக இருந்தது.

"நோட்டுல எழுதச் சொன்னாங்களே," என்றாள் ஃபைஸா.

"நோன்பு தெறக்கறதையெல்லாமா எழுதுவாங்க?"

அன்றைய பக்கத்தில் நோன்பு என்று எழுதினான். அதற்குக் கீழே ஒன்றும் எழுதவில்லை.

மறுநாளும் கேரியர் வந்தது. அதற்கு மறுநாளும். ஃபைஸா கேரியரைக் கழுவி, அடியடுக்கில் ஏதாவது வைத்துத் திருப்பிக் கொடுப்பாள். இரண்டு எலுமிச்சம்பழம், கொஞ்சம் முருங்கைக்கீரை, ஒருநாள் நான்கு முட்டை. வந்த பாத்திரத்தைக் காலியாக அனுப்புவது அந்த வீட்டில் பழக்கமில்லை. அக்கா வீட்டிலும் இல்லை.

நடப்பது இரண்டு நாளில் நின்றது. தொண்டை வறண்டது. பகலெல்லாம் வண்டி ஓட்டிவிட்டு வந்து சாய்ந்தால் எழுந்திருக்க மனசில்லை. விடிகாலைச் சாப்பாட்டுக்கு அக்கா வாழைப்பழமும் கெட்டித் தயிரும் தனியாக அனுப்பினாள். பகல் தாங்க வேண்டுமே என்று அவன் வயிறு முட்டத் தின்றுவிட்டு மறுபடி படுத்தான்.

பெருநாளைக்கு அக்கா வீட்டுக்குப் போனான். அவள் கண் மஞ்சளாக இருந்தது. பக்கத்தில் உட்காரவைத்து அவன் கையைப் பிடித்துப் பார்த்தாள்.

"இப்பதான்டா உனக்கு ஒடம்பு தேறிகினு கீது," என்றாள்.

இரண்டாவது ஸ்கேன் செப்டம்பர் கடைசியில். அஜ்மலும் கூட வந்தான்.

"முப்பத்திரண்டு," என்றார் டாக்டர்.

முனீர் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். வேறேதாவது சொல்வார் என்று நினைத்தான்.

ஸ்ரீதேவி மறுபடி எடை பார்த்தாள். எண்பத்தேழரை. நோட்டைக் கேட்டாள். கொடுத்தான். ரமலான் தொடங்கிய பக்கத்துக்கு வந்தாள். நோன்பு. அடுத்த பக்கம். நோன்பு. அவள் வேகமாகப் புரட்டத் தொடங்கினாள். முப்பது பக்கமும் அதே ஒரு வார்த்தை. கடைசியில் அவன் கையெழுத்து மட்டும் கொஞ்சம் சாய்ந்திருந்தது.

"பொழுது சாஞ்சப்புறம் எதுவுமே சாப்பிடலையா?"

"அது நோன்பு தெறக்கறது."

"என்ன போட்டுத் திறந்தீங்க?"

அவன் சொன்னான். சொல்லச் சொல்லத்தான் அவனுக்கே தெரிந்தது. கஞ்சி, சமோசா, பாயா, ரோஸ்மில்க். தொழுகை முடிந்து வந்து சோறு. விடிகாலையில் மறுபடி. முப்பது நாளில் பத்துத் தடவை பிரியாணி. ஸ்ரீதேவி எழுதுவதை நடுவில் நிறுத்திவிட்டாள்.

"யார் சமைச்சாங்க?"

அஜ்மல் தரையைப் பார்த்தான்.

"நோன்பு மேல தப்பில்ல," என்றாள் ஸ்ரீதேவி. "பகல்ல மிச்சம் பிடிச்சதை ராத்திரி ரெண்டு மடங்கா உள்ள தள்ளியிருக்கீங்க. தள்ளிட்டுப் படுத்திருக்கீங்க." அவள் நோட்டைத் திருப்பித் தந்தாள். "ரெண்டு மாசம் இருக்கு. கோபமா சொல்லல. இதுல இனிமே பொய் எழுதாதீங்க."

"பொய் எழுதலம்மா."

"சரி. விட்டுட்டு எழுதாதீங்க."

செங்கல்பட்டு ரயிலில் இருவருக்கும் உட்கார இடம் கிடைத்தது. வண்டி சிங்கப்பெருமாள்கோவில் தாண்டியது.

"அக்காகிட்ட சொல்லணும் மச்சான்," என்றான் முனீர். "சமைக்காதன்னு."

"வேணாம் முனீரு."

"அப்புறம்?"

"காலைல எழுந்து, இன்னிக்கி அவனுக்கு இன்னா பண்ணலாம்னு கேக்குது. அத வுட்டா அதுக்கு எழுந்திருக்க வேற காரணம் இல்ல. நான் குடுத்தனுப்பறத வாங்கிக்கறேன். வழியில பாத்துக்கறேன். நீ சாப்ட்டன்னு சொல்றேன்."

அது சரியாகப் படவில்லை. ஆனால் வேறெதுவும் தோன்றவுமில்லை. அவனுக்குக் களைப்பாக இருந்தது. இன்னும் ஒன்றையும் ஆரம்பிக்கவே இல்லை, அதற்குள் களைப்பு.

மறுநாள் காலை கொளவாய் ஏரிக்குப் போனான். ஏரி ஓரமாகப் போகும் பாதையில் நடந்தான். பத்தாவது நிமிஷம் விலாவில் பிடித்துக்கொண்டது. நின்றான். பக்கத்தில் ரயில் போயிற்று. ஜன்னலோரம் பல் தேய்த்துக்கொண்டிருந்த ஒருவன் இவனைப் பார்த்துக்கொண்டே போனான். மறுபடி நடந்தான். வீட்டுக்கு வந்து நோட்டில் முப்பது நிமிஷம் என்று எழுதினான். அடித்துவிட்டு இருபத்திரண்டு என்று எழுதினான்.

கடைகளில் டீயை மறுப்பதுதான் பெரிய வேலையாக இருந்தது. திருக்கழுக்குன்றத்தில் ஒருவர் அடுத்த வாரம் சரக்கே வேண்டாம் என்றார். மாமல்லபுரத்தில் கடற்கரைக்குப் போகும் சந்தில் கடை வைத்திருந்த செங்கம்மாள் தம்ளரை நீட்டியபடியே நின்றாள்.

"இன்னா பாயி, என் கை டீ கசக்குதா?"

"டாக்டர் வேணான்ட்டாரு யக்கா. ஈரல்ல கொழுப்பு."

"ஈரல்லயா?" செங்கம்மாள் குரலைத் தாழ்த்தினாள். "நீ கூடவா பாயி? எப்பலருந்து?"

"குடிச்சி இல்ல. குடிக்காமயே வரும்."

"எங்க வூட்டுக்காரரும் சாவுற வரிக்கும் அதத்தான் சொன்னாரு. மோர் குடிச்சேன் மோர் குடிச்சேன்னு."

"உன் டீதான் யக்கா குடிச்சேன். பத்து வருசமா. அதுல கீற சக்கரைதான்."

"அட்ரா! அப்ப உன் ஈரலக் கெடுத்தது நானா?"

சிரித்தாள். பிறகு அவன் சிரிக்காததைப் பார்த்து நிறுத்தினாள். உள்ளே போய் வேறு தம்ளரில் பாலும் சர்க்கரையும் இல்லாத டீயைக் கொண்டுவந்தாள்.

"இந்தா. பாவப்பட்ட டீ. இதையும் வேணான்னா இந்தப் பக்கம் வண்டிய வுடாத."

அதைக் குடித்தான். கசந்தது. அதையும் நோட்டில் எழுதினான்.

அக்டோபர் முழுக்க இப்படிப் போயிற்று. மத்தியானம் ஒரு கரண்டிச் சோறு, அதைவிட இரண்டு பங்கு கீரை, மீன் குழம்பு. இரவு கேழ்வரகு அடை ஒன்று, அல்லது வேகவைத்த பயறு. பசி வயிற்றில் இல்லை, தலையில் இருந்தது. வண்டியில் பின்னால் இருந்த பிஸ்கட் அட்டைகளின் வாசனை அதுவரை அவனுக்குத் தெரிந்ததே இல்லை. இப்போது பூஞ்சேரி கூட்டுரோடு வரும்போதெல்லாம் வாயில் எச்சில் ஊறியது. ஒருநாள் ஒரு பாக்கெட்டைப் பிரித்து இரண்டு தின்றான். வண்டியை ஓரம் கட்டி, ஸ்டியரிங் மேல் நோட்டை வைத்து எழுதினான். பிஸ்கட் 2. அவமானமாக இருந்தது. நாற்பத்தோரு வயது ஆண்பிள்ளை.

நடை நாற்பது நிமிஷமானது. பிறகு ஐம்பது. நடப்பது பிடித்துப்போகும் என்று ஸ்ரீதேவி சொல்லியிருந்தாள். பிடிக்கவே இல்லை. ஒவ்வொரு நாளும் முழங்கால் வலித்தது. ஒவ்வொரு நாளும் போனான்.

கேரியர் மட்டும் வரவில்லை. அதாவது அக்கா வீட்டிலிருந்து தினம் புறப்பட்டது. அஜ்மலின் கடையில் நின்றுவிட்டது. கடையில் ஸ்கூல் பைகளுக்கு ஜிப் தைக்கிற ராமதாஸும் அஜ்மலும் பங்கு போட்டுத் தின்றார்கள். அஜ்மல் கடைக் குழாயில் கேரியரைக் கழுவி எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போவான். முனீர் நன்றாகச் சாப்பிட்டான் என்பான்.

நவம்பர் முதல் வாரம், மத்தியானம், முனீர் வீட்டு வாசலில் ஆட்டோ வந்து நின்றது. அக்கா இறங்கினாள். அவள் தனியாக வெளியே வந்து ஒரு வருஷம் இருக்கும். கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு கால் வைத்தாள், அடுத்தது வைக்க நேரம் பிடித்தது. வயிறு மட்டும் முன்னால் வந்தது. கையும் கழுத்தும் குச்சியாக இருந்தன.

ஃபைஸா ஓடிப்போய்ப் பிடித்தாள். அக்கா உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். முனீர் அப்போதுதான் கடைகளுக்குச் சரக்குப் போட்டுவிட்டு வந்து சாப்பிட உட்கார்ந்திருந்தான். தட்டில் கீரையும் ஒரு கைச் சோறும் இருந்தன. அவள் தட்டைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். சட்டை தோளில் தொங்கியது.

"ஃபைஸா, ஒரு மாசமா என் கேரியரு காலியா வருது," என்றாள்.

ஃபைஸா முனீரைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஒரு எலுமிச்சம்பழங்கூட இல்ல. மொத வாரம் மறந்துட்டியோன்னு நெனச்சேன். ரெண்டாவது வாரம் எம்மேல கோவமோன்னு நெனச்சேன். புருசன் வவுத்த அறுக்கப்போறாங்க, கோவம் இருக்காதா. நேத்துதான் தோணிச்சி. நீ அந்தக் கேரியரப் பாக்கவே இல்ல."

"அக்கா—"

"எங்கடா போவுது என் சோறு?"

முனீர் கை கழுவிக்கொண்டு வந்து தரையில் அவள் கால்கிட்ட உட்கார்ந்தான். சொன்னான். முப்பது முப்பத்திரண்டானது. டாக்டர் கத்தி வைக்க மாட்டேன் என்றது. நோட்டு. அஜ்மல் ரயிலில் சொன்னது. எதையும் விடவில்லை. குரல் தாழ்ந்துகொண்டே போனது.

வெளியே ஆட்டோக்காரன் ஹாரன் அடித்தான்.

"அப்ப நானே என் குழிய வெட்டிகினு இருந்திருக்கேன். ஏலக்கா தட்டிப் போட்டு."

"நீ இன்னா பண்ணுவ. உனக்குத் தெரியாது."

"தெரியாதுதான்." அவள் கையை நீட்டினாள். "அந்த நோட்டக் குடு."

ஒவ்வொரு பக்கமாகப் படித்தாள். நோன்பு என்று எழுதிய முப்பது பக்கங்களையும் விடாமல் புரட்டினாள். பிஸ்கட் 2 என்ற இடத்தில் நின்றாள்.

"இது இன்னாடா?"

"ஒருநாளு பசிச்சிச்சி."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் வயிறு வலிக்கும் போல, கையால் அழுத்திக்கொண்டாள். பிறகு அழுதாள். அதற்கும் அழுத்திக்கொண்டாள்.

மறுநாள் கேரியர் நேராக முனீர் வீட்டுக்கு வந்தது. இரண்டே அடுக்கு. ஒன்றில் வேகவைத்த கொள்ளு, வெங்காயம் நறுக்கிப் போட்டது. ஒன்றில் வெள்ளரிக்காய். அஜ்மல் அதை வைத்துவிட்டுத் தலையில் கைவைத்து உட்கார்ந்தான்.

"மாட்டுக்கு வெக்கிறத மனுசனுக்கு வெக்கிறா. எனக்கும் இதான் இன்னிக்கி."

ஃபைஸா அடியடுக்கில் இரண்டு எலுமிச்சம்பழம் வைத்து அனுப்பினாள்.

அந்த மாதம் அக்காவுக்கு இரண்டு தடவை நீர் இறக்கினார்கள். இரண்டாவது தடவை திரும்பி வந்தபின் ஒருநாள் பேச்சுக் குழறியது. ஷபானாவைத் தன் அம்மா என்று நினைத்துக் கூப்பிட்டாள். மறுநாள் தெளிந்தது. முனீர் அதைப் பார்த்துவிட்டு வந்து, சாயங்காலமும் ஏரிக்குப் போனான். அதற்குப் பிறகு தினம் இரண்டு வேளை நடந்தான். ஒரு பக்கம் மழை. குடை பிடித்துக்கொண்டு நடந்தான். எதிரே வருகிறவர்கள் பாய்க்கு என்ன ஆயிற்று என்று பார்த்தார்கள். ஒருநாள் கல்பாக்கத்தில் கடைக்காரர் ஒருவர் தனியாகக் கூப்பிட்டு, சர்க்கரையா, டிபியா என்று விசாரித்தார். இளைத்தவனுக்கு நோய் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். தொப்பையோடு இருந்தபோது யாரும் விசாரித்ததில்லை.

நவம்பர் இருபத்தைந்து. மூன்றாவது ஸ்கேன். எடை எழுபத்தெட்டு. இம்முறை ஸ்கேனோடு விடவில்லை. விலாவில் ஊசி போட்டு ஈரலிலிருந்து ஒரு துணுக்கு எடுத்தார்கள். இரண்டு நாள் கழித்து வரச்சொன்னார்கள்.

"ஏழு," என்றார் டாக்டர்.

முனீர் மறுபடி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஏழுதான். வெட்டலாம். டிசம்பர் எட்டாம் தேதி வெச்சுக்கலாம்."

சந்தோஷம் வரும் என்று நினைத்திருந்தான். உட்கார வேண்டும் போலத்தான் இருந்தது. வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தான். ஸ்ரீதேவி அந்தப் பக்கம் போனாள். நோட்டைக் காட்டச் சொன்னாள். கடைசிப் பக்கத்தைப் பார்த்துவிட்டு அதில் சிவப்புப் பேனாவால் ஒரு டிக் போட்டாள், பள்ளிக்கூடத்தில் போடுவதுபோல.

"ஒண்ணு கேக்கணும்," என்றான். "எங்க அக்காவுக்கும் இப்டித்தான் ஆரம்பிச்சிருக்குமா?"

"பெரும்பாலும்."

"எல்லாருக்கும் அந்த மாதிரி ஆவுமா?"

"இல்ல. கொஞ்சம் பேருக்குத்தான். யாருக்குன்னு முன்னாடியே சொல்ல முடியாது. சர்க்கரை இருந்தா அதிகம்."

"அப்பவே பாத்திருந்தா?"

ஸ்ரீதேவி பேனாவை மூடினாள். "உங்களுக்குத்தான் இப்ப தெரியுமே," என்றாள்.

நேராக அக்கா வீட்டுக்குப் போனான். அவள் கட்டிலில் சாய்ந்திருந்தாள். அஜ்மல் கடையை மூடிவிட்டு வந்து வாசலில் உட்கார்ந்திருந்தான். ஏழு என்று சொன்னதும் எழுந்து நின்றான். முனீரின் தோளைப் பிடித்துக்கொண்டான். தோளில் எலும்பு தட்டியது. கையை எடுத்துக்கொண்டான்.

அக்கா தலையை ஆட்டினாள். அல்ஹம்துலில்லாஹ் என்றாள். பிறகு ஷபானாவிடம் பீரோவிலிருந்து பழைய ஃபைலை எடுத்துவரச் சொன்னாள்.

ஃபைலில் அடியில் ஒரு தாள் இருந்தது. ஓரம் பழுத்துப்போயிருந்தது. தொண்ணூற்றேழு, மே மாதம். பித்தப்பையில் கல் என்று அப்போது ஸ்கேன் எடுத்தார்கள். முனீருக்கு ஞாபகம் இருந்தது. அவன்தான் கூட்டிக்கொண்டு போயிருந்தான்.

"ரெண்டாவது வரியப் படி," என்றாள்.

படித்தான். இந்த நான்கு மாதத்தில் அந்த இங்கிலீஷ் வார்த்தைகள் அவனுக்கு நன்றாகப் பழகியிருந்தன. ஈரலில் கொழுப்பு. முதல் நிலை.

"அன்னிக்கி டாக்டரு இன்னா சொன்னாரு, ஞாபகம் கீதா?"

"கல்லு சின்னது, பயப்படாதீங்கன்னாரு."

"இதக் கேட்டேன். இது இன்னா சார், ஈரல்னு போட்டிருக்கேன்னு. அது எல்லாருக்கும் இருக்கும்மா, வுடுங்கன்னாரு. வுட்டுட்டேன். வெளிய வந்து நீ எனக்கு ரோஸ்மில்க் வாங்கிக் குடுத்த."

முனீர் தாளை மடிக்காமல் கையில் வைத்திருந்தான்.

"நீ இப்ப பண்ணதெல்லாம் நான் அன்னிக்கிப் பண்ணியிருந்தா, எனக்குத் திரும்பியிருக்குமாடா?"

அஜ்மல் அவனைப் பார்த்தான். வேண்டாம் என்று கண்ணால் சொன்னான். ரயிலில் ஒருமுறை அவன் வேண்டாம் என்றதை முனீர் கேட்டாகிவிட்டது.

"திரும்பியிருக்கும்க்கா," என்றான். "அனேகமா."

அவள் தாளை வாங்கிக்கொண்டாள். பழைய மடிப்பிலேயே மடித்தாள்.

"நெனச்சேன்," என்றாள்.

கொஞ்சநேரம் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். தூங்கிவிட்டாள் என்று முனீர் எழுந்தான்.

"இரு." கண்ணைத் திறக்காமலே பேசினாள். "நாளைக்கிக் காலைல நடக்கப் போவும்போது உங்க மச்சானையும் இழுத்துகினு போ."

"நான் எதுக்கு?" என்றான் அஜ்மல். "எனக்கு இன்னா? நல்லாத்தானே கீறேன்."

"இவனும் அதான் சொன்னான். ஒரு மாசத்துக் கேரியரு உங்க வவுத்துலதான் கீது. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சீங்களா?"

"ராமதாஸும்தான் துன்னான்."

"அவனையும் இட்டுகினு போங்க."

காலையில் ஏரிக்கரையில் அஜ்மல் நின்றுகொண்டிருந்தான். கடையில் விற்கிற குடை ஒன்று கையில். காலில் வீட்டுச் செருப்பு. ராமதாஸ் வரவில்லை. மழை இல்லை, மேகம் இருந்தது.

"எதுவரிக்கும்?"

"வாங்க மச்சான், சொல்றேன்."

நடந்தார்கள். ஐந்து நிமிஷத்தில் அஜ்மல் இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றான். சட்டை நனைந்துவிட்டது. ரயில் ஒன்று போயிற்று. அது போகும்வரை இருவரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

முனீருக்கு இனி நடக்க வேண்டிய அவசியம் குறைவு. எட்டாம் தேதிக்கு இன்னும் பத்து நாள். அதற்குப் பிறகு எத்தனை நாள் நடக்க முடியாமல் கிடப்பானோ தெரியாது. விலாவில் ஊசி போட்ட இடம் வலித்தது. அந்த இடத்தைத் தடவிக்கொண்டே நின்றான்.

"நீ போ முனீரு. நான் இங்கயே குந்திகினு இருக்கேன்."

"குந்தாதீங்க மச்சான். குந்துனா எழுந்திருக்க முடியாது. எனக்குத் தெரியும்."

அஜ்மல் அவனைத் திட்டினான். திட்டிக்கொண்டே காலை எடுத்து வைத்தான். முனீர் தன் நடையைக் குறைத்துக்கொண்டு அவன் பக்கத்தில் நடந்தான்.